பஞ்சு போன வழியில் பாட்டும் போகலாமா?

கரிசல் கிராமம் ஒன்றில் கோயில் கொடை. வில்லுப்பாட்டு முடிந்திருந்தது; சாமக் கொடைக்கு இன்னும் நேரமிருந்தது. விடுமுறைக்கு மும்பையிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் ஊரைவிட்டுப் போன குடும்பம். கைப்பேசியில் ஒரு தாளத்தை ஓடவிட்டு, திருநெல்வேலித் தமிழும் பம்பாய் இந்தியும் கலந்து பத்து நிமிடம் சொல்மாரி பொழிந்தார். தண்ணீர்க் குழாயடி, காவலரின் தடி, பத்துக்குப் பத்து அறை, அங்கே தன்னை 'மதராசி' என்பவர்கள், இங்கே தன் தெருப்பெயரைக் கேட்பவர்கள் என எல்லாம் அதில் வந்தன. இளவட்டங்கள் ஆர்ப்பரித்தனர். என் அருகில் அமர்ந்திருந்த பெரியவர் மெல்லக் கேட்டார்: "என்ன சார், இது பாட்டா, ஏச்சா?"

அவருக்கு அப்போது நான் விடை சொல்லவில்லை. ஆனால், கேள்வி மனத்தைவிட்டு அகலவுமில்லை.

தமிழில் 'சொல்லிசை' என்று அழைக்கப்படும் ராப் இன்று திரைப்படம், விளம்பரம், தேர்தல் பிரசாரம் என்று எங்கும் ஒலிக்கிறது. இதை இளைஞர்களின் புதுமை என்று கொண்டாடுவோர் உண்டு; மேலை நாட்டுச் சீரழிவு என்று முகம் சுளிப்போரும் உண்டு. இது வெளியிலிருந்து இறக்குமதியான சரக்கு என்பதில் மட்டும் இரு தரப்பினருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், சந்தைக்கு வரும் எந்தச் சரக்கைப் பற்றியும் மூன்று கேள்விகளைக் கேட்பது எனக்குப் பழக்கம். எங்கே விளைந்தது? விளைவித்தவர் யார்? இலாபம் யாருக்கு? பாட்டையும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

தாராவியில் ஒரு திருநெல்வேலி

மும்பையின் ராப் இசையை நாடறியச் செய்தது, 2019 பிப்ரவரியில் வெளியான ஜோயா அக்தரின் 'கல்லி பாய்' இந்தித் திரைப்படம். டிவைன், நேஸி என்ற இரு மும்பைக் கலைஞர்களின் வாழ்க்கையிலிருந்து ஊக்கம் பெற்ற அந்தக் கதைக்குக் களம் தாராவி. ஆனால், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தாராவியின் சந்துகளில் இளைஞர்கள் சொல்லடுக்கத் தொடங்கியிருந்தனர். அவர்களுள் 'டோப்படெலிக்ஸ்' குழுவினர் இந்தி, மராத்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் பாடியவர்கள். 2018 ஜூனில் வெளியான பா. இரஞ்சித்தின் 'காலா' படத்தில், சந்தோஷ் நாராயணன் இசையில், இக்குழுவின் குரல் தமிழகமெங்கும் ஒலித்தது.

மும்பைச் சேரியின் ராப் தமிழில் எப்படி வந்தது? 'காலா'வின் நாயகன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை. அது கற்பனைப் பாத்திரம், பின்னணி கற்பனையன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பம்பாய் நகரின் ஓரத்துச் சதுப்பு நிலமாக இருந்த தாராவிக்குத் தோல் பதனிடும் தொழில் வந்தது. அத்தொழிலில் திருநெல்வேலிச் சீமையின் முஸ்லிம் வணிகர்கள் முன்னின்றனர். பிறர் தொடத் தயங்கிய அந்த வேலையைச் செய்ய, அதே சீமையின் ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளர்கள் சென்றனர். ஒருவர் பின் ஒருவராக ஊர்கள் அங்கே இடம்பெயர்ந்தன. 1913-லேயே தமிழர்கள் அங்கு ஒரு பிள்ளையார் கோயிலைக் கட்டிவிட்டனர். இன்றும் தைப்பொங்கலன்று தாராவியின் தெருக்களில் வரிசையாகப் பானைகள் பொங்குகின்றன.

கரிசலின் கணக்கு

இவர்கள் ஏன் போனார்கள்? விடை கரிசல் மண்ணில் இருக்கிறது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரங்கள் மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரு போகம். கம்பு, சோளம், உளுந்து, பருத்தி. மழை பொய்த்தால் அந்த ஒன்றும் இல்லை. இந்த மண்ணின் பருத்தி 19-ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே உலகச் சந்தைக்குச் சென்றது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் போவது தடைபட்டது. இங்கே விலை உச்சிக்கு ஏறியது. போர் முடிந்ததும் சரிந்தது. ஏறிய விலையில் வணிகர் வளம் பெற்றனர். சரிந்த விலையில் சம்சாரி கடன்பட்டார். நிலமற்ற கூலிக்கு ஏற்றத்தில் கிடைத்தது குறைவு, இறக்கத்தில் இழந்தது வேலையை.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை திறக்கப்பட்ட ஆண்டு 1876. தாது வருடப் பஞ்சம் தொடங்கியதும் அதே ஆண்டு. பஞ்சுப் பொதிகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப் போட்ட தண்டவாளம், பஞ்சம் பிழைக்கப் போனவர்களையும் சுமந்தது. பின்னாளில் கோவில்பட்டியில் நூற்பாலைகள் வந்தன. தீப்பெட்டித் தொழிலும் கடலைமிட்டாயும் வந்தன. அவை பலருக்குச் சோறிட்டன என்பது உண்மை. ஆயினும், நிலமும் இல்லை, தெருவில் தலைநிமிர்ந்து நடக்கும் உரிமையும் இல்லை என்றிருந்தவர்களுக்கு ஊரைவிட்டுப் போவதே ஊதியமாகவும் விடுதலையாகவும் தெரிந்தது.

இவ்வட்டாரம் உள்ளிட்ட தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து உழைப்பு வெளியேறிய பெருவழிகளில் மூன்று முக்கியமானவை. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள். பம்பாயின் தோல் கிடங்குகளும் ஆலைகளும். தமிழ்ச் சொல்லிசையின் வரலாற்றைப் பார்த்தால், அது தாயகத்துக்குள் வந்த தடங்களும் ஏறத்தாழ இவையே என்பது வியப்பளிக்கும்.

போன வழியே திரும்பியது

1994-இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' இப்பெயரைத் தமிழ்நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. ஆனால், தமிழில் ராப் ஒரு தனிக் கலையாக நிற்க முடியும் என்று காட்டியது மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா குழு 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு. ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் பெருமளவில் வாழும் நாடு அது. கோவையிலிருந்து 'ஹிப்ஹாப் தமிழா' எழுந்து அதைக் கல்லூரி வளாகங்களுக்குக் கொண்டுசென்றது அதன் பிறகே.

அடுத்தது இலங்கை வழி. 2021 மார்ச்சில் வெளியாகி, 40 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்ட 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலின் உள்ளீடு, அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு தம் பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்ட வாழ்க்கை. அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. ஒப்பந்தத்தில் அவர்கள் எண்ணிக்கை, பாட்டில்தான் மனிதர்களானார்கள்.

மூன்றாவது தாராவி வழி. அதை மேலே கண்டோம்.

இந்த ஒப்புமை தமிழோடு முடிவதில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் நடத்திய விருந்தே ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்றைய பிராங்ஸ், நெடுஞ்சாலைக்காக இடித்துப் பிளக்கப்பட்டு, வேலையிழந்து, தீயில் கருகிக்கொண்டிருந்த பகுதி. நியூயார்க் போன்ற வட மாநில நகரங்களின் கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானவை தெற்கின் பருத்தி நிலங்களிலிருந்து வந்தவை. 1910-க்கும் 1970-க்கும் இடையே ஏறத்தாழ 60 இலட்சம் பேர் அவ்வாறு வெளியேறினர். அவர்கள் விட்டுவந்த அலபாமாவின் பருத்தி வட்டாரத்துக்கு அதன் கரிய மண்ணால் 'கறுப்புப் பட்டை' என்று பெயர். அதாவது, அதுவும் கரிசல்தான். லங்காஷயரின் தறிகளுக்காக இரு கண்டங்களின் கரிய மண்ணும் பஞ்சு விளைவித்தது. அந்த மண்ணிலிருந்து பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரு பெருநகரங்களின் நெரிசலில் ஒரே கலையைக் கையிலெடுத்தனர்.

நமக்கு இது புதிதா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'ராப்பும் நம்மிடமிருந்து போனதுதான்' என்று பெருமை பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது உண்மையன்று. ராப் அமெரிக்கக் கறுப்பின மக்களின் படைப்பு. அந்தக் கடனை ஒப்புக்கொள்வதில் நமக்கு இழுக்கில்லை. நாம் கேட்க வேண்டியது, அந்த விதை இங்கே இவ்வளவு விரைவாக முளைத்தது ஏன் என்பதே.

முளைக்கும் மண் பதமாக இருந்தது. கழுகுமலை முருகன்மீது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்தைப் படித்தவர்கள் அறிவார்கள்: இயைபின்மேல் இயைபு அடுக்கி, மூச்சைப் பிடித்து ஓடும் சொற்கட்டு அது. வில்லுப்பாட்டில் புலவர் கதையை எடுத்துச் செல்ல, பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போட்டுத் தாங்குவார். ராப் மேடையிலும் முதன்மைப் பாடகரின் அடிகளைத் தாங்கிக் கொடுக்க உடன் ஒருவர் நிற்கிறார். இருவரும் ஒருவரையொருவர் வசையால் மடக்கும் 'ஏசல்' நமக்குப் பழைய வடிவம். ஆகவே, 'பாட்டா, ஏச்சா' என்ற பெரியவரின் கேள்விக்கு நம் மரபே விடை வைத்திருக்கிறது: ஏச்சும் பாட்டாக இருந்த பூமி இது.

வடிவத்தைவிட முக்கியமானது பொருள். நா. வானமாமலை தேடித் தொகுத்துப் பதிப்பித்த தென்பாண்டிக் கதைப்பாடல்களில் முத்துப்பட்டன் கதை ஒன்று. சாதி மீறி மணந்து, ஆநிரை காக்கும் போரில் உயிரிழந்தவன் அதன் நாயகன். கொலையுண்டவரைத் தெய்வமாக்கி, கொன்ற நியாயத்தை ஆண்டுக்கொரு முறை ஊர்நடுவே விசாரிப்பது இப்பகுதியின் கொடைகளின் உட்பொருள். 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் ராப்பையும் கலந்து செய்ததும் இத்தகைய விசாரணையே. மாரி செல்வராஜின் 'பைசன்' படத்தில், தூத்துக்குடி மாவட்டத்துக் கதைக்காகக் கேரளத்தின் வேடனும் அறிவும் இணைந்து பாடியபோது, அந்த விசாரணை மீண்டும் இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தது.

பொருளியல் காரணமும் உண்டு. வில்லுப்பாட்டில் குடம் இசைக்கருவியானது, அது எல்லா வீட்டிலும் இருந்ததால். ராப்புக்கு வாய்ப்பாட்டுப் பயிற்சி வேண்டாம், வீணை வேண்டாம், சபாவின் அனுமதி வேண்டாம். கைப்பேசி போதும். 2016-க்குப் பின் இணையக் கட்டணம் சரிந்தபோது, முதலீடற்றவரின் கலைக்கு அங்காடியும் கைக்கெட்டியது. அதன் பெருவளர்ச்சிக்கு இதைவிடப் பெரிய இரகசியம் ஏதுமில்லை.

மறுபக்கம்

மலிவான கருவி எல்லாக் கைகளுக்கும் மலிவே. அதே கைப்பேசியில், அதே தாளத்தில், சாதிப் பெருமை பேசும் பாடல்களும் நம் தென்மாவட்டங்களில் உலவுகின்றன. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டதை நாம் மறக்க முடியாது. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளக் கயிறு கட்டுவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்துவிடலாம். காதில் ஓடும் பாட்டை அவிழ்ப்பது எப்படி? தடை போடுவதால் அது நடவாது. அதைவிடச் சிறந்த பாட்டு அதே இளைஞனின் காதை எட்ட வேண்டும்.

இன்னொரு குறை, பெண் குரலின் இன்மை. கரிசலின் வேலைப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றின் பெரும்பகுதி பெண்கள் படைத்தது. அந்த மரபின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் கலையில் சிங்கப்பூரின் லேடி காஷ் போன்ற சிலரைத் தவிரப் பெண்களைத் தேட வேண்டியிருக்கிறது. பல பாடல்களில் பெண் ஏளனத்துக்குரிய பொருளாகவே வருகிறாள். ஒடுக்குமுறைக்கு எதிரான கலை என்ற பெயரை இந்தக் குறையோடு சுமப்பது கடினம்.

இலாபம் யாருக்கு?

இனி மூன்றாவது கேள்வி. கோடிக்கணக்கானோர் கேட்ட 'எஞ்சாயி எஞ்சாமி'யால் தமக்கோ, பாடிய தீ, அறிவு ஆகியோருக்கோ ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாக அறிவித்தார். அதற்கு முன்பே, 2021-இல் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாததும், 2022-இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றி அப்பாடல் நிகழ்த்தப்பட்டதும், படைப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சர்ச்சையும் எழுந்திருந்தன. அதில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. கவனிக்க வேண்டியது வேறு: புகழின் உச்சியில் இருப்போருக்கே கணக்குத் தெளிவில்லை என்றால், சாத்தூரிலோ தாராவியிலோ தனியறையில் பாடிப் பதிவேற்றும் இளைஞருக்கு என்ன கணக்குக் கிடைக்கும்?

சட்டம் இல்லாமலில்லை. 1957-இன் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை அளித்தது. அதை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் செல்லாது. ஆனால், உரிமையை வசூலிக்க அமைப்பில் உறுப்பினராக வேண்டும். படைப்பைப் பதிய வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் அந்தத் தாள்களில் கையொப்பமிடும் இளைஞர், முன்பணம் வாங்கிக்கொண்டு கங்காணியின் தாளில் கைநாட்டு வைத்த அவருடைய கொள்ளுத்தாத்தாவைவிட அதிகம் அறிந்தவர் என்று சொல்வதற்கில்லை.

இன்னும் கீழே இருப்பவர் நாட்டுப்புறப் பாடகர். அவரது ஒப்பாரி வரியும் குலவையும் 'பொதுச்சொத்து', யாரும் எடுத்தாளலாம். எடுத்தாண்டவரின் பதிவுக்கு உரிமை உண்டு. கொடுத்தவருக்கு நன்றி மட்டும். 150 ஆண்டுகளுக்கு முன் கரிசலின் பஞ்சுக்கு நேர்ந்தது இதுதானே? பொதி இங்கிருந்து போனது; துணி வேறெங்கோ நெய்யப்பட்டது; விலை வேறெவரோ வைத்தார்; சம்சாரி தன் பஞ்சில் நெய்த துணியைக் காசு கொடுத்து வாங்கினார்.

தாராவிக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்ற மறுசீரமைப்புத் திட்டப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன் குடியிருந்ததை நிறுவும் தரைத்தளவாசிகளுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு. பின்னர் வந்தவர்களும் மாடிகளில் இருப்போரும் பெரும்பாலும் வெளியே. நல்ல வீடும் கழிப்பறையும் அவர்களின் நெடுநாள் உரிமை, அதை எதிர்ப்பதற்கில்லை. ஆனால், காகிதம் இல்லாத தமிழ்க் குடும்பங்கள் மீண்டும் ஒருமுறை இடம்பெயர நேர்ந்தால், சந்து முனையில் கூடிப் பாடிய கூட்டமும் கலையும். கூடுமிடம் இல்லாமல் எந்தத் தெருக்கலையும் வாழ்ந்ததில்லை.

செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் தேவையில்லை. முதலாவது, பாடலாசிரியருக்கும் பாடகருக்கும் எளிய தமிழில் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை அரசின் கலை பண்பாட்டுத் துறை வெளியிடலாம். பதிவுக்கு உதவும் முகாம்களை மாவட்டந்தோறும் நடத்தலாம். இரண்டாவது, நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தின் வழியே, மூத்த பாடகர்களின் குரலைப் பெயர், ஊர், நாள் குறித்துப் பதிவுசெய்து காப்பகப்படுத்த வேண்டும். பதிவு இருந்தால்தான், பின்னாளில் எடுத்தாள்பவரிடம் பங்கு கேட்க முடியும். கி. ராஜநாராயணன் கரிசலின் சொற்களுக்கு அகராதி தொகுத்துத் தந்தார். அதன் குரல்களுக்கு ஒரு தொகுப்பு வேண்டாமா? மூன்றாவது, 2020 முதல் சென்னையில் நடக்கும் 'மார்கழியில் மக்களிசை' போன்ற மேடைகள் கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் வர வேண்டும். நம் கல்லூரிகளின் ஆண்டுவிழாக்களில் வில்லுப்பாட்டும் சொல்லிசையும் ஒரே மேடையில் நிகழட்டும். மாணவியருக்கு அங்கே முதலிடம் கிடைக்கட்டும்.

அந்தப் பெரியவரைப் பிறகு நான் சந்திக்கவில்லை. சந்தித்தால் இதைச் சொல்வேன்: அது ஏச்சுதான் ஐயா. நம் ஊர் அவர்களை வெளியே அனுப்பிவைத்ததற்கான ஏச்சு; மும்பை அவர்களை உள்ளே சேர்க்காததற்கான ஏச்சு. நூறாண்டு கழித்து அதைத் தமிழிலேயே, நம் கொடையிலேயே வந்து சொன்னதால் அது பாட்டும் ஆயிற்று. விளைந்த பஞ்சுக்கு விலை சொல்லும் உரிமை நம் முன்னோர்க்கு வாய்க்கவில்லை. பாட்டுக்காவது அவர்களின் பேரப்பிள்ளைகள் விலை சொல்லட்டும்.